எழுத்தில் வராத மறுப்பு

இந்திய உச்ச நீதிமன்றத்தின் பதிவேடுகளில், வழக்கிட்டவர் இன்னார் என்று சொல்லாமல், மாண்டவர்களின் தொகையையே தலைப்பாகத் தாங்கி நிற்கும் வழக்கு ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் காப்பகமொன்றில் நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த இருபத்தைந்து பேர் மாண்டது குறித்து என்பதே அத்தலைப்பின் கருத்து. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவின் அருளால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கையோடு உறவினர் கொண்டுவந்து விட்டுச்சென்ற மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தபோது, காலில் பூட்டப்பட்டிருந்த சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட இயலாமல் அவர்கள் இருந்த இடத்திலேயே கருகினார்கள். இறந்தோர் தொகை பின்னர் 28 ஆயிற்று. வழக்கின் தலைப்பு மட்டும் இன்றுவரை 25 என்றே நிற்கிறது. அந்த வழக்கை எவரும் தொடுக்கவில்லை. பத்திரிகையில் வந்த செய்தியைக் கண்டு உச்ச நீதிமன்றமே தானாக எடுத்துக்கொண்டது. சங்கிலியில் கிடப்பவர் மனு எழுதுவது எங்ஙனம்?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக வழக்காடுவதையே ஜீவனோபாயமாகவும் வாழ்க்கைப் பணியாகவும் கொள்ள விரும்பும் இளைஞர் எவரேனும் என்னிடம் வந்து எங்கே தொடங்குவது என்று கேட்டால், அரசியல் சாசனத்தின் பெரிய ஷரத்துகளைக் காட்டுவதற்கு முன்பாக, ஏர்வாடி வழக்கின் அந்த வெற்றிடத்தைத்தான் காட்டுவேன். நியாயஸ்தலம் முதலில் ஒரு கோரிக்கையைக் கேட்கிறது. பிறகு அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டதற்கு அத்தாட்சி கேட்கிறது. இவ்விரண்டும் எழுத்தில் இல்லாதவருக்காக அது கதவைத் திறப்பது, ஏர்வாடியைப்போலப் பேரழிவு நேர்ந்த பிறகே என்று சொன்னாலும் பெரிதும் மிகையாகாது. ஆகையால் இந்தத் துறையின் முற்பாதி வேலை வாதாடுவதன்று. கோரிக்கையையும் மறுப்பையும் காகிதத்தில் வரவழைப்பதே ஆகும். இந்த வேலை டில்லியில் நடப்பதில்லை. சென்னையிலும் பெரும்பாலும் நடப்பதில்லை. கரியமாணிக்கம் போன்ற ஊர்களில் நடக்கிறது, அல்லது நடக்காமலேயே போகிறது.

கரியமாணிக்கம் புதுவையின் கிராமப்புறத்தில், நெட்டப்பாக்கத்தை அடுத்து, நெல்லும் கரும்பும் விளையும் பூமியில் இருக்கும் ஊர். அதைச் சுற்றியுள்ள வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்துகளில் உள்ள எந்தச் சிற்றூருக்குள் நுழைந்து விசாரித்தாலும், கால் நடமாட்டமற்ற ஒருவர், காது கேளாத ஒரு பெண், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் போய் மூன்றாம் நாள் நிறுத்தப்பட்ட குழந்தை ஆகியோரைக் காண்பது அரிதன்று. அவர்களுடைய வீட்டார் சொல்லும் வரலாறு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும்: ஆபீசுக்குப் போனோம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், போனோம், பெரியவர் லீவில் இருக்கிறார் என்றார்கள், அப்புறம் விட்டுவிட்டோம். இங்கே எவரும் எதையும் மறுத்ததாக ஏட்டில் இல்லை. சில வேளைகளில் இரக்கமுள்ள அதிகாரி, ஐயோ பாவம் என்று தம் சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. அந்த நூறு ரூபாய்க்கு ரசீது கிடையாது, அதனால் மூடப்பட்ட உரிமைக்கும் ரசீது கிடையாது. நாணயமாகச் சொல்லப்போனால், கடுமையான அதிகாரியைவிட இந்தத் தயாளகுணம் படைத்த அதிகாரியே வழக்கறிஞருக்கு அதிகச் சிரமம் கொடுப்பவர்.

சட்டத்தின் நிலைமையோ இதற்கு நேர்மாறாகச் செழிப்பாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென 1995-ல் நாடாளுமன்றம் இயற்றிய முதல் விரிவான சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்து, அரசாங்கம் தன் சக்திக்கு இயன்ற அளவில் செய்ய வேண்டிய உபகாரங்கள் என்ற தோரணையிலேயே பல கடமைகளை வகுத்தது. 2006 டிசம்பர் 13-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைக்கு 2007 அக்டோபரில் இந்தியா கட்டுப்பட்ட பின்னர், அதற்கிசைந்து 2016-ல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்றதோடு, சர்க்கார் உத்தியோகத்தில் 4 சதவீதமும் உயர்கல்வியில் 5 சதவீதமும் ஒதுக்க வேண்டுமென விதித்தது. எல்லாவற்றினும் விசேஷமாக, ‘நியாயமான இணக்க ஏற்பாடு’ என்ற கருத்தை அது நம் சட்டத்தில் நிலைநாட்டியது. பொதுவான விதி எல்லாருக்கும் ஒன்றே என்று சொல்லி ஒதுங்கிவிடாமல், எதிரே நிற்கும் இந்த ஒரு மனிதர் பிறரோடு சமமாக அவ்வுரிமையை அனுபவிக்கும்படி, தாங்கவொண்ணாத பாரம் நேராத வரையில், விதியையோ இடத்தையோ கருவியையோ சற்று மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறு மாற்றித்தர மறுப்பதையும் அச்சட்டம் பாரபட்சம் என்றே வகைப்படுத்துகிறது.

மறுப்பு எழுத்தில் வேண்டும் என்றேனே, அதை வருவிக்கும் உபாயங்களும் இச்சட்டத்திலேயே இருக்கின்றன. ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். வேலைவாய்ப்பைப் பொறுத்த புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். மற்ற விஷயங்களுக்கு மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கவோ, எடுக்க முடியாத காரணத்தை எழுதித் தெரிவிக்கவோ கடமைப்பட்டவர். இவற்றுக்கும் மசியாத இடத்தில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில், எங்கள் மனு இன்ன தேதியிலிருந்து எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டால், முப்பது நாளில் விடை வந்தாக வேண்டும். இத்தனை காகிதங்களும் சேர்ந்த பிறகே உயர் நீதிமன்றத்தில், அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின்கீழ், கடமையைச் செய்யப் பணிக்குமாறு நீதிப்பேராணை கேட்பதற்கு அடித்தளம் அமைகிறது. முன்னதாகக் கோரினாரா, கோரியும் மறுக்கப்பட்டாரா என்பதே அங்கே அரசு வழக்கறிஞர் எழுப்பும் முதல் ஆட்சேபம். மனுவுக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய தாய், அந்த ஆட்சேபத்துக்கான பதிலை அன்றே தன் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

மருத்துவச் சான்றிதழும் அப்படிப்பட்ட ஒரு காகிதமே. ஆனால் அதன் பெருமையை அளவுக்கு மிஞ்சி நம்பிவிடக் கூடாது. நாற்பது சதவீதம் என்று சான்று பெற்றவருக்கே இட ஒதுக்கீடு முதலிய விசேஷ சலுகைகள் கிட்டும். முப்பத்தெட்டு என்று எழுதப்பட்டால் கிட்டா. இந்த எண்ணில் மனக்குறை உள்ளவர் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் சதவீதம் குறைந்தவருக்கு உரிமையே இல்லை என்று ஆபீசுகளில் சொல்லப்படும் வாதம் பிழையானது. மருத்துவப் பட்டம் பெற்று, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயினால் அவதியுற்ற விகாஷ் குமார் என்பவர், மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வில் தமக்குப் பதிலாக எழுத ஒருவர் வேண்டுமெனக் கேட்டபோது, நாற்பது சதவீதக் கணக்கைச் சொல்லி அவருக்கு மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு எழுத்தில் இருந்தது. 2021 பிப்ரவரி 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இணக்க ஏற்பாட்டுக்கும் சதவீதத்துக்கும் முடிச்சுப் போடுவது தவறென்று தீர்ப்பளித்தது.

அதே தீர்ப்பில் தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் தோல்விக்கும் ஒருவகைப் பரிகாரம் கிடைத்தது. பார்வைக் குறைபாடு எழுபது சதவீதம் இருந்தமையால் சிவில் நீதிபதி பதவிக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்ட சுரேந்திர மோகன் தொடுத்த வழக்கில், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட குறைபாடு உள்ளவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற தமிழ்நாட்டு வரம்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சரியென்று ஏற்றிருந்தது. இணக்க ஏற்பாடு என்ற தத்துவத்தையே கருதாத அத்தீர்ப்பு இனி முன்னுதாரணமாகாது என்று விகாஷ் குமார் வழக்கில் அந்நீதிமன்றமே இரண்டாண்டு கழித்துச் சொல்லிற்று. பின்னர், மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோரை நீதிபதிப் பதவியிலிருந்து விலக்கிய விதியைக் குறித்து ஒரு தாய் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே வழக்காகப் பாவிக்கப்பட்டு, 2025 மார்ச் 3-ஆம் தேதி, நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அமர்ந்த ஆயத்தால் அவ்விதி நீக்கப்பட்டது. பார்வையின்மை ஒன்றையே காரணமாகக் காட்டி எவரையும் நீதித்துறைப் பணிக்கு அருகரல்லர் எனச் சொல்லலாகாது என்பது முடிவு. தோற்ற வழக்கு வீண் என்று எண்ணும் இளம் வழக்கறிஞர் இந்த மூன்று தீர்ப்புகளையும் வரிசையாக வாசிப்பாராக. தோல்வி ஒழுங்காகப் பதிவாகியிருந்தபடியால்தான் அதைத் திருத்தவும் முடிந்தது.

பொறுமை மட்டும் ஏராளமாக வேண்டும். பொது இடங்களும் போக்குவரத்தும் எல்லாரும் அணுகத்தக்கவையாக வேண்டும் என்று, பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில், விரிவான கட்டளைகள் 2017-லும், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த மத்திய அரசின் விதி செல்லாதென்ற தீர்ப்பு 2024 நவம்பரிலும் வந்தன. வழக்குத் தொடுத்தபோது தொட்டிலில் இருந்த குழந்தை அதற்குள் கல்லூரியில் சேரும் வயதை எட்டிவிட்டது.

உள்ளே நுழையும் உரிமைக்கான இத்தகைய வழக்குகள் புதுவைக்குப் புதியனவுமல்ல. பிரெஞ்சு ஆட்சியின்போது, பொன்னுத்தம்பி பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியர் அணிவதுபோன்ற காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காக, அவரை உள்ளே அனுமதியாமல் ஒரு நீதிபதி தடுத்தார்; அவர் காலணியைக் கழற்றவுமில்லை, வழக்கை விடவுமில்லை; பாரிஸ் நகரத்து உச்ச நியாயஸ்தலம்வரை முறையிட்டு 1873-ல் வென்றார். காலணி அற்ப விஷயம் என்று அக்காலத்திலும் சிலர் சொல்லியிருப்பார்கள், சக்கர நாற்காலிக்கான சாய்தளப் பாதை அற்ப விஷயம் என்று இக்காலத்தில் சொல்வதுபோல. அந்த வழக்கில் நான் வியப்பது அவருடைய தைரியத்தை மட்டுமன்று. தடையை வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் மேல்முறையீட்டுக்கு உரிய உத்தரவாக ஆக்கிக்கொண்ட யுக்தியையும்தான்.

இனி, கரியமாணிக்கத்து இளைஞர் ஒருவர் நடைமுறையில் இத்தொழிலுக்குள் எவ்வாறு வரலாம் என்பதைச் சொல்ல வேண்டும். சட்டம் பயில வெகுதூரம் போக வேண்டுவதில்லை; காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பட்டம் பெற்ற பின் பதிவு செய்துகொள்ள வேண்டியது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில். பதிவுக் கட்டணமாகப் பல்லாயிரம் ரூபாய் வசூலித்து ஏழைப் பட்டதாரிகளை வாசலிலேயே நிறுத்திவந்த பார் கவுன்சில்களின் வழக்கத்தை 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் குறிப்பிடும் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக்காக வாங்கலாகாது. அகில இந்தியப் பார் தேர்வையும் தேறியாக வேண்டும்.

பிறகு வருவதுதான் கஷ்டமான பருவம். சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து, வாய்தா வாங்கியும் கட்டுகளைச் சுமந்தும் கழியும் அந்த முதற் சில ஆண்டுகளில் ஜீவனத்துக்கு என்ன வழி? புதுச்சேரியிலிருந்து வந்த, வழக்கறிஞர் சேமநல நிதி குறித்த ஒரு வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூன் மாதத்தில் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்து, சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக ஜூனியர்களுக்குக் கிடைக்கச் சுற்றறிக்கை விடுமாறு பார் கவுன்சிலுக்குச் சொல்லிற்று. அவ்வாண்டின் இறுதிக்குள் அகில இந்தியப் பார் கவுன்சில் இதே தோரணையில் விடுத்த அறிக்கையோ, இதைக் கட்டாயமாக்காமல் சீனியர்களுடைய மனச்சாட்சிக்கே விட்டுவிட்டது. அமெரிக்காவில், பெரிய சட்ட நிறுவனங்கள் பொதுநல வழக்காடலுக்கென்றே இளம் பட்டதாரிகளுக்கு ஈராண்டுச் சம்பளம் அளிக்கும் நல்கைகள் இருக்கின்றன. அவ்வாறான ஏற்பாடு நம் நாட்டில் வேரூன்றாதது பெருங்குறை என்பதே என் அபிப்பிராயம். இங்கே இத்துறையில் நிலைத்தவர்கள் பலர் பொது வழக்குகளில் சோறு தேடிக்கொண்டே, இவ்வழக்குகளையும் நடத்தியவர்கள். அதை இழுக்காகக் கருத வேண்டியதில்லை.

ஏனெனில் பொது வழக்குகளுக்குள்ளேயே இந்தத் துறை ஒளிந்திருக்கிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர் மோதிக் காலிழந்த கூலியாளுக்காக மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பதும் இவ்வழக்கே. உடலின் ஊனச் சதவீதம் வேறு, சம்பாத்தியத்தின் இழப்பு வேறு; இடக்கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடும், குமாஸ்தாவுக்கு உத்தியோகம் போகாது என்று ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்க, மருத்துவர் எழுதிய எண்ணையே இழப்பாகக் கொண்டு குறைந்த தொகைக்கு ராஜியாகிவிடும் வழக்குகள் எத்தனையோ. மனவளர்ச்சி குன்றிய தம்பியின் கைநாட்டை வாங்கிக்கொண்டு அண்ணன் பாகத்தை எழுதிக்கொள்வதும் கிராமத்துக்குப் புதிதன்று. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி உள்ளூர்க் குழுவின் மூலம் பாதுகாவலரை நியமிப்பது எப்போது தேவை, சம்பந்தப்பட்டவரையே கலந்துகொண்டு முடிவெடுக்க 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை எங்கே போதும் என்பதை அறிந்த வழக்கறிஞர், பாகப்பிரிவினைக்கு வந்தவருக்கே பேருபகாரம் செய்யக்கூடும்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர்வது இன்னொரு வாசல். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. இதை அறியாமல், வறுமைச் சான்று கொண்டுவா என்று திருப்பியனுப்புவோரும் உண்டு. அங்கே கிடைக்கும் ஊதியம் சொற்பமே. ஆனால் கக்ஷிக்காரரோடு பேசக் கற்றுக்கொள்வதற்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. காது கேளாத பெண்ணின் கதையை உடன்வந்த மாமனார் சொல்ல, அதையே வாக்குமூலமாக எழுதிக்கொள்வது நம்முடைய பழக்கம். அப்பெண்ணின் சாட்சியத்தை அவருக்கு உகந்த மொழியிலும் முறையிலும் பதிவு செய்ய ஏற்பாடு வேண்டுமென்று சட்டம் சொல்கிறது, ஆகையால் சைகை மொழிபெயர்ப்பாளர் வரும்வரை வாய்தா கேட்பது தாமதமன்று, கடமை. மாமனாரை வெளியே உட்காரச் சொல்லும் தைரியமும் அப்போது வேண்டும்.

வழக்கு மன்றமே இந்தத் தொழிலின் முழு எல்லையும் அன்று. சென்னையில் வழக்கறிஞராக இருந்த ராகுல் செரியன், தாமே உடற்குறைபாடு உடையவர். அறிவுசார் சொத்துரிமை என்ற, செல்வந்தர் கம்பெனிகளுக்கே உரியதாகக் கருதப்பட்ட துறையில் பெற்ற தேர்ச்சியைக் கொண்டு, அச்சுப் புத்தகத்தை வாசிக்க இயலாதவருக்காக அதை வேறு வடிவில் ஆக்கிக்கொள்வது குற்றமாகாது என்று 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட உழைத்தார். அதே நோக்கத்துக்கான சர்வதேச உடன்படிக்கைக்காகவும் பாடுபட்டார். 2013 பிப்ரவரியில் அவர் இளவயதிலேயே காலமானார். அவ்வாண்டு ஜூனில் மொரோக்கோ நாட்டு மராகேஷ் நகரில் அந்த உடன்படிக்கை நிறைவேறிற்று. மறு ஆண்டு அதை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. சட்டத்தை எதிர்த்து வாதாடுவதைப்போலவே, சட்டத்தின் வாசகத்தை எழுதுவதும் ஓர் ஆற்றல் என்பதை இளைஞர் மறக்கலாகாது.

கரியமாணிக்கம் பக்கத்து வழக்கறிஞருக்கென்றே உரிய சங்கடம் ஒன்று பாக்கியிருக்கிறது. புதுவைப் பிரதேசம் ஒரே துண்டாகக் கிடக்கும் நிலமன்று. பழைய பிரெஞ்சு எல்லைகளின் சிதறலினால், ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னும் சிறிது தூரம் போனால் மறுபடியும் புதுவை. மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை நாடு முழுவதற்கும் ஒன்றே. உயர் நீதிமன்றமும் இரு பக்கத்துக்கும் ஒன்றே. ஆனால் உதவித்தொகையும், அதைக் கொடுக்கும் இலாகாவும், புகாரைக் கேட்கும் ஆணையரும் வேறு வேறு. கடலூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கு அட்டை ஓரிடத்திலும் குடும்பம் ஓரிடத்திலும் இருக்கும். ஆகையால் கக்ஷிக்காரர் எதிரே வந்து உட்கார்ந்ததும், ஊனத்தின் சதவீதத்தைக் கேட்பதற்கு முன்னால், ரேஷன் கார்டு எந்த அரசாங்கம் கொடுத்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நலம். அதைக் கேளாமல் எழுதிய மனு, எந்த ஆணையருக்கு அதிகாரம் என்ற சர்ச்சையிலேயே மூன்று மாதத்தைக் கழித்துவிட்டு, புதிதாக எழுதிக் கொண்டுவரும்படி திரும்பி வரும்.